ரெண்டு ஃபோன்ல த்ரீடி படம்: மலையகத்த அதோட சரிவோட எடுக்கிறது எப்பிடி? முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்துல இருக்கிற எங்க தேயிலைத் தோட்டத்து ஃபோட்டோவ வெளியூர்க்காரங்ககிட்ட காட்டினா பத்துல ஒம்பது பேரு சொல்றது பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்குன்னுதான். அத கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா கம்பளம் தரையில படுத்துக் கெடக்கும், எங்க மலை படுத்துக் கெடக்கல, நிக்குது. லிந்துலை பக்கம் எங்க டிவிசன்ல ஒரு மலை இருக்கு, அதுல கொழுந்து எடுக்கிற அக்காமாரு ஒரு கால மேலயும் ஒரு கால ரெண்டடி கீழயும் ஊனிக்கிட்டு, இடுப்புல படங்கு, தலையில கூடைக் கயிறு, மழையில வழுக்குற மண்ணுல நாள் பூரா நிக்கிறாங்க. அந்த மலைய நான் எத்தனையோ தடவ வீடியோ எடுத்திருக்கேன், ஒண்ணுலயும் அந்தச் சரிவு வரல. கமரா சரிவ தின்னுடும், கீழ இருந்து எடுத்தாலும் மேல இருந்து எடுத்தாலும் ஏதோ மேடு மாதிரிதான் தெரியும்.

மொத தடவ அதே மலைய ரெண்டு ஃபோன வெச்சு த்ரீடியா எடுத்து செவப்பு நீலக் கண்ணாடி போட்டுப் பாத்தப்பதான் சரிவு சரிவா வந்திச்சு. அன்னையில இருந்து நான் சொல்றது ஒண்ணுதான்: த்ரீடிங்கிறது தியேட்டர்ல ஈட்டிய நம்ம மூஞ்சிக்கு எறியிறதுக்கான வித்தை கிடையாது, ஒரு எடத்தோட ஆழத்தையும் சரிவையும் இடுக்கையும் அப்பிடியே பத்திரமா எடுத்து வைக்கிற வழி, அது எங்க மலைகளுக்கு வேற யாருக்கும் விட ரொம்ப தேவை. அதுக்கு பெரிய கமரா வேணாம். எங்களுக்கு ஒரு வருசம் புடிச்சு புரிஞ்சத ஒங்களுக்கு ஒரு வாரத்துல புரியிற மாதிரி எழுதியிருக்கேன், நீளமாத்தான் இருக்கும், பிளேன்டீ ஒண்ணு ஊத்திக்கிட்டு ஒக்காருங்க.

மொதல்ல கண்ணு என்னா செய்யுதுன்னு தெரிஞ்சுக்கோங்க

நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சராசரியா ஆறு ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கு. அதனால ஒரு கண்ணு பாக்குற படமும் இன்னொரு கண்ணு பாக்குற படமும் கொஞ்சம் வேற வேற. வெரல மூஞ்சிக்கு நேரா புடிச்சு ஒரு கண்ண மூடி மூடித் தெறந்து பாருங்க, வெரலு எடம் மாறும், தூரத்துல இருக்கிற மரம் அவ்வளவா மாறாது. அந்த வித்தியாசத்த வெச்சுத்தான் மூளை எது கிட்ட எது தூரம்னு கணக்குப் போடுது. 1838ல இங்கிலாந்துல சார்ல்ஸ் வீட்ஸ்டன் மூஞ்சி பாக்குற கண்ணாடி ரெண்ட வெச்சு ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி இத நிரூபிச்சாரு. அதுக்கப்புறம் வந்த எல்லா த்ரீடியும், செவப்பு நீலக் கண்ணாடியோ தியேட்டர் கண்ணாடியோ தலையில மாட்டுற ஹெட்செட்டோ, செய்யிறது அதே வேலைதான், இடது படத்த இடது கண்ணுக்கும் வலது படத்த வலது கண்ணுக்கும் கொண்டுபோய்ச் சேக்குறது.

ரெண்டு ஃபோன தேடி ஓடுறதுக்கு முன்னாடி ஒத்த ஃபோன்ல பழகுங்க. அசையாத ஏதாவது ஒண்ணு, ஒரு முருங்கை மரமோ லயத்து (தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுங்க) வாசப்படியோ. இடது கால்ல வெயிட்ட போட்டு ஒரு ஃபோட்டோ, ஃபோன திருப்பாம அப்பிடியே வலது கால்ல வெயிட்ட மாத்தி இன்னொரு ஃபோட்டோ. ஸ்டீரியோ ஃபோட்டோ மேக்கர்னு ஒரு இலவச சொஃப்ட்வெயார் இருக்கு, அதுல ரெண்டையும் போட்டா அதுவே நேராக்கி செவப்பு நீலப் படமா குடுத்துரும். இப்பிடி ஒரு அம்பது ஃபோட்டோ எடுத்தீங்கன்னா எது ஆழமா வரும் எது வராதுன்னு ஒங்க கண்ணுக்கே தெரிய ஆரம்பிச்சிரும். இந்த வேலைய தாண்டிப் போகாதீங்க, நாங்க தாண்டிப் போயி மூணு நாள் வீடியோவ வீணாக்குனோம்.

எத எடுக்கிறது, எத விட்டுர்றது

எல்லாரும் மொதல்ல ஓடுறது லிப்டன் சீட்டு, உலக முடிவுன்னு தூரத்து மலைய பாக்குற எடங்களுக்குத்தான். போகாதீங்க. த்ரீடியில தூரத்து மலை தட்டையாத்தான் வரும், அதுக்கு கணக்கே இருக்கு. ரெண்டு லென்சுக்கும் நடுவுல ஏழரை சென்டிமீட்டர் வெச்சு நாங்க எடுக்கிற ஃபுல் எச்டி படத்துல, ரெண்டேகால் மீட்டர்ல நிக்கிற ஆளுக்கு இடது படத்துக்கும் வலது படத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 80 பிக்சல் வருது. 30 மீட்டர்ல நிக்கிற மரத்துக்கு ஆறு பிக்சல். 100 மீட்டருக்கு அங்கிட்டு ரெண்டு பிக்சல் கூட இல்ல. அதாவது அந்தப் பக்கத்து மலை, அதுக்குப் பின்னாடி மலை, சிவனொளிபாதமலை, ஆகாசம் எல்லாமே ஒரே திரைச்சீலையில வரைஞ்ச மாதிரிதான் நிக்கும்.

சில பேரு இதுக்கு ரெண்டு ஃபோனையும் ரெண்டு மீட்டர் தள்ளி வெச்சு எடுப்பாங்க. மலைக்கு ஆழம் வரும், ஆனா மூளை நம்ம கண்ணு ரெண்டு மீட்டர் அகலமா இருக்குன்னு நம்பாது, மலைதான் சின்னதா இருக்குன்னு முடிவு பண்ணிரும், அதனால தலவாக்கலை டவுன் ஏதோ பள்ளிக்கூடக் கண்காட்சியில அட்டையில செஞ்சு வெச்ச பொம்மை ஊரு மாதிரி தெரியும். ஒரே ஒரு ஷொட்டுக்கு நல்லாருக்கும், படம் பூரா வேணாம்.

அப்ப எது நல்லா வரும்? ரெண்டு மீட்டர்ல இருந்து இருவது முப்பது மீட்டருக்குள்ள என்னெல்லாம் இருக்கோ அது. எங்க ஊருல அதுக்குப் பஞ்சமே இல்ல. தேயிலை வரிசைக்கு நடுவுல கீழ எறங்கிப் போற ஒத்தையடிப் பாதை. கல்லுப்படி. லயத்து நீட்டு வாசல், ஒரு மூலையில நின்னு பாத்தா அறை அறையா, எங்க பேச்சுல காம்பரா காம்பராவா, கதவு அடுத்தடுத்து தூரமா போகும்ல, அது த்ரீடிக்குன்னே கட்டுன மாதிரி. கவ்வாத்து வெட்டுன மலை, இலை இல்லாம கொப்பு மட்டும் குச்சி குச்சியா நிக்கிறப்ப சாதா ஃபோட்டோல ஒரே குப்பையா தெரியும், த்ரீடியில ஒவ்வொரு கொப்பும் தனியா தனியா நிக்கும். கொழுந்து நிறுக்கிற எடம், தராசு, சுத்தி நிக்கிற ஆளுங்க.

அப்புறம் கூத்து. ரதி மதன் கதைய ஆடுற காமன் கூத்த மேடையில போட்டு எடுத்தா அது நாடகம் மாதிரி ஆயிருது, ஆனா அது வட்டமா சனம் நின்னு நடுவுல ஆடுறது, ரதியும் மதனும் ஒங்க பக்கம் வந்துட்டு அந்தப் பக்கம் போறது, அதுக்கு இடையில தப்படிக்கிறவங்க குறுக்க வர்றது. அந்த வட்டத்துக்குள்ள நிக்கிற உணர்ச்சி தட்டையான வீடியோல ஒரு நாளும் வராது. இத நான் அடிச்சுச் சொல்லுவேன்.

லேசான மூட்டமும் நல்லது, முன்னாடி செடி கருப்பா, அடுத்த வரிசை மங்கலா, அதுக்கடுத்தது வெள்ளையா அடுக்கடுக்கா போறப்ப ஆழம் கூடும். ஆனா மூட்டம் அடர்ந்து ஒண்ணுமே தெரியாட்டி கண்ணுக்கு புடிச்சுப் பொருத்திப் பாக்க விளிம்பே இருக்காது, த்ரீடி செத்துரும். அந்த நேரம் ஃபோன உள்ள வெச்சிருங்க.

சாமான்

ஒரே மாடல் ஃபோன் ரெண்டு. ஒரே கம்பெனி போதாது, ஒரே மாடலாவே வேணும், லென்சு மாறினா படத்தோட அளவு மாறும், கலர் மாறும், அத எடிட்ல சரி பண்றதுக்குள்ள உயிர் போயிரும். என்னோடதும் எங்க மாமா மகனோடதும் ஒரே மாடல், பின்னாடி கண்ணாடி மட்டும் அவனோடது கீறல். அதனால இது ஆரம்பமாச்சு.

ஃபோன எப்பிடி வைக்கிறதுங்கிறதுதான் முக்கியமான விசயம். எல்லாரும் படுக்க வெச்சுத்தான் எடுக்கணும்னு நெனைப்பாங்க. ரெண்டு ஃபோனையும் படுக்க வெச்சு பக்கத்துல பக்கத்துல வெச்சா லென்சுக்கு நடுவுல பதினஞ்சு சென்டிமீட்டருக்கு மேல போயிரும். ஒண்ண தலைகீழா திருப்பி லென்ச கிட்ட கொண்டு வரலாம், நாங்க மொதல்ல அப்பிடித்தான் செஞ்சோம், ஆனா ஃபோன் கமரா படத்த ஒரே நேரத்துல புடிக்கிறதில்ல, ஒரு ஓரத்துல இருந்து வரி வரியா வாசிக்கும், ஒண்ணு தலைகீழா இருந்தா அது எதிர்ப்பக்கமா வாசிக்கும், கமரா அசைஞ்சாலோ ஆளு ஓடினாலோ ரெண்டு படமும் ஆளுக்கொரு பக்கம் சாயும்.

அதனால ரெண்டையும் நிமுத்தி வைங்க, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு, ஒட்டி. அப்ப லென்சுக்கு லென்சு தூரம் ஃபோனோட அகலம்தான், ஏழு ஏழரை சென்டிமீட்டர், கண்ணுக்கு ரொம்ப கிட்ட. நிமுத்தி வெச்சா படம் நெட்டையா வருமேன்னு கேப்பீங்க. 4கேல எடுங்க, 2160க்கு 3840 பிக்சல் கெடைக்கும், அதுல நடுவுல 2160க்கு 1215 வெட்டி எடுத்தா அதுவே ஃபுல் எச்டிக்கு மேல. மேலயும் கீழயும் நெறைய படம் மிச்சம் இருக்கிறதால ஒரு ஃபோன் கொஞ்சம் ஒசந்திருந்தாலும் எடிட்ல எறக்கிக்கலாம். கோணம் கொஞ்சம் குறுகும், அவ்வளவுதான்.

ரெண்டு ஃபோனையும் மாட்டுற பலகைக்கு ஹாட்வெயார் கடையில ஒரு அலுமினியப் பட்டி ஓரடி, ரெண்டு ஃபோன் ஹோல்டர், அடியில ட்ரைபொட் நட்டு. வெல்டிங் கடையில குடுத்தா ஓட்டை போட்டுத் தருவாங்க. ரெண்டு ஃபோனும் நேரா ஒரே பக்கம் பாக்கணும், உள்பக்கமா ஒண்ண ஒண்ணு பாக்குற மாதிரி திருப்பாதீங்க, திருப்புனா படத்தோட ரெண்டு ஓரத்துலயும் ஒசரம் மாறி தலைவலி வரும்.

இப்ப ஒரு சட்டம், இத மனசுல வெச்சுக்கோங்க: லென்சுக்கு நடுவுல உள்ள தூரத்தோட முப்பது மடங்குக்கு கிட்ட எதையும் வராம பாத்துக்கணும். ஏழரை சென்டிமீட்டர்னா 225 சென்டிமீட்டர், ரெண்டேகால் மீட்டர். வெளியில பிரச்சினை இல்ல. லயத்துக்குள்ள பிரச்சினை, பழைய காம்பரா பத்துக்குப் பன்னெண்டு அடிதான், மூலையில முதுக ஒட்டி நின்னாலும் அடுப்படி ரெண்டேகால் மீட்டருக்குள்ள வந்துரும். அதுக்கு ஐஃபோன் 15 ப்ரோ மாதிரி ஸ்பேஷியல் வீடியோ, அதாவது ஒத்த ஃபோன்லயே த்ரீடி வீடியோ, எடுக்கிற ஃபோன் யாருகிட்டயாவது இருந்தா ஒரு நாளைக்கு வாங்கிக்கோங்க, அதுல ரெண்டு லென்சும் ரெண்டு சென்டிமீட்டருக்கு கிட்ட இருக்கு, அப்ப அறுவது சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டப் போகலாம். தூரத்துல இருக்கிறதுக்கு அது பத்தாது, ஆனா ஒரு ஆயா அடுப்புக்கு முன்னாடி ஒக்காந்து ரொட்டி தட்டுறத எடுக்கிறதுக்கு அதவிட நல்லது நான் பாக்கல.

செட்டிங்

இதுல சோம்பல் படாதீங்க. ஓட்டோல விட்டா ரெண்டு ஃபோனும் தனித்தனியா முடிவெடுக்கும், ஒண்ணு வெளிச்சத்த கூட்டும் இன்னொண்ணு கொறைக்கும், பாக்குறவங்க கண்ணு ரெண்டுக்கும் நடுவுல இழுபடும். பிளாக்மேஜிக் கமரா அப் இலவசம், ஐஃபோனுக்கும் ஆண்ட்ரொய்டுக்கும் இருக்கு, இல்லாட்டி ஓபன் கமரா. ஃபோகஸ், வெளிச்சம், வைட் பேலன்ஸ், ஷட்டர், எல்லாத்தையும் ரெண்டுலயும் ஒரே நம்பர்ல பூட்டுங்க. மெயின் லென்சு மட்டும். ஃபோன ஃப்ளைட் மோட்ல போடுங்க, நடுவுல கோல் வந்தா முடிஞ்சது கதை.

ஆட்டம் குறைக்கிற ஸ்டெபிலைசேஷன கட்டாயம் நிப்பாட்டுங்க. நாங்க ஆரம்பத்துல எடுத்ததெல்லாம் தலை சுத்தினதுக்கு காரணம் இதுதான், ஒவ்வொரு ஃபோனும் அதது இஷ்டத்துக்கு படத்த மேலயும் கீழயும் நகத்தி ஆட்டத்த சரி பண்ணுது, நம்ம கண்ணு பக்கவாட்டு வித்தியாசத்த தாங்கும், ஒரு கண்ணு மேல ஒரு கண்ணு கீழன்னா தாங்கவே தாங்காது.

செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல எடுங்க. ரெண்டு ஃபோனையும் ஒரே நேரத்துல அமுக்குனாலும் ஃப்ரேம் ஒரே நொடியில தொடங்காது, அரை ஃப்ரேம் வரைக்கும் முன்ன பின்ன இருக்கும். 30 ஃப்ரேம்ல அது 16 மில்லிசெகண்டுக்கு மேல, அதுக்குள்ள வேகமா கொழுந்து பறிக்கிற கை மூணு சென்டிமீட்டர் நகந்துரும், லென்சுக்கு நடுவுல இருக்கிறதே ஏழரைதான்னு யோசிங்க, கை ஒடம்ப விட்டுத் தனியா முன்னாடி பறக்குற மாதிரி தெரியும். 60ல இது பாதியாக் கொறையும். செண்ட் கிளயார் மாதிரி அருவிய கிட்டப்போயி எடுக்காதீங்க, தண்ணி ரெண்டு கண்ணுலயும் வேற வேறயா மினுங்கும், தூரமா நின்னு எடுத்தா தப்பிக்கலாம். ராத்திரி பல்புக்கு அடியில எடுத்தா ஷட்டர 100ல ஒண்ணுன்னு வைங்க, நம்ம நாட்டு கரண்ட் 50 ஹேர்ட்ஸ், இல்லாட்டி லைட்டு துடிக்கும்.

எடுக்கிற அன்னைக்கு

மலைக்கு போகும்போது மொதல்ல கேளுங்க. கங்காணியவோ தொரையவோ மட்டும் கேட்டா போதாது, கொழுந்து எடுக்கிறவங்களயே கேளுங்க. அவங்களுக்கு அன்னைக்கு இத்தன கிலோன்னு இருக்கு, அது கொறைஞ்சா பேரு, அதாவது அன்னைய நாள் கணக்கு, பாதியாப் போயிரும், நம்ம ட்ரைபொட்டுக்கு வழி விட்டு நிக்கிற அஞ்சு நிமிசம் அவங்க கூலியில இருந்து போகுது. சுற்றுலா வர்றவங்க கேக்காமலே மூஞ்சிக்கு முன்னாடி கமரா நீட்டுறத அவங்க காலம் பூரா தாங்கிக்கிட்டு இருக்காங்க. நாங்க போனப்ப ஒரு அக்கா சொன்னாங்க, "எடுக்கிறதுன்னா எடு தம்பி, சிரிக்கச் சொல்லாத"ன்னு. எங்க படத்துல ஒருத்தரும் கமராவ பாத்து சிரிக்க மாட்டாங்க.

ரெக்கோட் போட்டதும் ரெண்டு ஃபோனுக்கும் முன்னாடி நின்னு ஒரு கை தட்டுங்க, எடிட்ல அந்தச் சத்தத்த வெச்சுத்தான் ரெண்டையும் சேக்கணும்.

அப்புறம் அவசரப்படாதீங்க, ஒவ்வொரு ஷொட்டும் இருவது செகண்டாவது ஓடணும். த்ரீடியில பாக்குறவங்க கண்ணு முன்னாடி இருக்கிறத பாத்து, அப்புறம் நடுவுல, அப்புறம் பின்னாடின்னு நடந்து போகும், அதுக்கு நேரம் குடுக்கணும். ரெண்டு செகண்டுக்கு ஒரு கட் வெச்சு டிக்டொக் மாதிரி வெட்டுனா ஒவ்வொரு கட்டுக்கும் கண்ணு புதுசா ஆழத்த தேடும், அஞ்சு நிமிசத்துல கண்ணாடிய கழட்டி வெச்சிருவாங்க. ஃபோன கையில புடிக்காதீங்க. படத்தோட ஓரத்துல கிட்ட இருக்கிற எதையும் பாதியா வெட்டாதீங்க, இடது ஓரத்துல ஒரு தேயிலைக் கொப்பு பாதி தெரிஞ்சா அது ஒரு கண்ணுக்குத் தெரியும் ஒரு கண்ணுக்குத் தெரியாது, திரைக்கு முன்னாடி வந்த ஒண்ணு திரை விளிம்பாலயே வெட்டுப்பட்டா மூளை குழம்பும். கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டா அவ்வளவு மோசம் இல்ல.

சரிவு தெரியணும்னா சரிவுக்கு குறுக்க நின்னு எடுங்க, பக்கத்துல நேரா நிக்கிற ஒரு சவுக்கு மரமோ லைட் போஸ்டோ ஆளோ படத்துல இருக்கட்டும். நேரா நிக்கிறது ஒண்ணு இருந்தாத்தான் மலை எவ்வளவு சாஞ்சிருக்குன்னு கண்ணு அளக்கும். மழைத்துளி ஒரு லென்சுல விழுந்தா கூட அந்த ஷொட் போச்சு, அதனால ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன்னாடி ரெண்டையும் தொடைங்க. ரத்தம் குடிக்கிற அட்டைக்கு சவுக்காரமும் உப்பும் கொண்டு போங்க, ட்ரைபொட் பக்கத்துல அசையாம நிக்கிற ஆள அது தேடி வரும்.

எடிட்

லெப்டொப் வேணும், ஃபோன்ல முடியாது. டாவின்சி ரிசால்வோட இலவசப் பதிப்பு போதும், பிளெண்டரும் இலவசம்தான். இடது வீடியோ ஒரு வரிசையில, வலது வீடியோ அதுக்கு மேல. கை தட்டுன சத்தத்துல ரெண்டையும் சேருங்க. ரெண்டையும் வெட்டுங்க. அப்புறம் மேல் வீடியோவ பாதி தெரியிற மாதிரி மங்கலாக்கி, ஒரு கூரைத் தகரத்தோட விளிம்பையோ ஜன்னல் கட்டையையோ பாத்து மேல கீழ வித்தியாசமே இல்லாம ஒசரத்த பொருத்துங்க, ஒரு ஃபோன் சாஞ்சிருந்தா திருப்பி நேராக்குங்க. படத்தோட நாலு மூலையிலயும் பாக்கணும், நடுவுல மட்டும் பாத்துட்டு விட்டுராதீங்க.

அடுத்தது பக்கவாட்டுல நகத்துறது. இதுதான் படத்துல எது திரைக்குப் பின்னாடி எது திரைக்கு முன்னாடின்னு முடிவு பண்ணுது. ஒரு வீடியோவ வலது பக்கமோ இடது பக்கமோ நகத்தி எந்தப் பொருள் ரெண்டுலயும் சரியா ஒண்ணுக்கு மேல ஒண்ணு உக்காருதோ, அது திரையிலயே நிக்கும். அதுக்குப் பின்னாடி இருக்கிறது உள்ள போகும், முன்னாடி இருக்கிறது வெளிய வரும். நாங்க பேசுற ஆள திரையில வெச்சுட்டு மிச்சம் எல்லாத்தையும் உள்ள விட்டுர்றோம், ஜன்னல் வழியா பாக்குற மாதிரி இருக்கும், கண்ணுக்கும் சுகம்.

இதுல ஒரு அளவு இருக்கு. தூரத்துல இருக்கிற பொருளுக்கு திரையில ரெண்டு படத்துக்கும் நடுவுல ஆறரை சென்டிமீட்டருக்கு மேல போனா, பாக்குறவங்க ரெண்டு கண்ணையும் வெளிப்பக்கமா விரிச்சுப் பாக்கணும், மனுசக் கண்ணு அப்பிடி விரியாது. அதனால எங்க காட்டப் போறீங்கன்னு மொதல்லயே முடிவு பண்ணிருங்க. தோட்டத்து ஹோல்ல மூணு மீட்டர் அகலமா வேட்டி கட்டி புரொஜெக்டர்ல காட்டுறதுன்னா, 1920 பிக்சல்ல 41 பிக்சல் வரைக்கும் போகலாம். அதே படத்த 12 மீட்டர் தியேட்டர் திரையில போட்டா பத்து பிக்சல்தான் தாங்கும். ஃபோனுக்குன்னு செஞ்ச படத்த பெரிய திரையில போட்டா தலைவலி வர்றதும், தியேட்டர் படம் டிவியில தட்டையாத் தெரியிறதும் இதனாலதான்.

கடைசியா கலர். இடது வீடியோல செவப்ப மட்டும் வெச்சுட்டு பச்சையையும் நீலத்தையும் அணைங்க. வலது வீடியோல செவப்ப அணைச்சுட்டு மத்த ரெண்டையும் வைங்க. மேல் வரிசைய ரெண்டு படத்தையும் கூட்டுற ஆட் மோட்ல போட்டா செவப்பு நீலப் படம் ரெடி. ஆனா இங்க எங்க ஊருக்குன்னே ஒரு சிக்கல், செவப்புச் சேலையும் செவப்புப் பொட்டும். அந்தச் செவப்பு ஒரு கண்ணுக்கு பளீர்னும் மத்தக் கண்ணுக்கு கருப்பாவும் தெரிஞ்சு, சேலை துடிக்கிற மாதிரி இருக்கும். கூத்துல மதன் வேசத்துக்கு இன்னும் மோசம். நாங்க கலர்ல முக்காவாசிய கொறைச்சிட்டோம், கருப்பு வெள்ளைக்கு கிட்ட. ஆழம் சுத்தமா வந்திச்சு, கலர் போனதுல வருத்தம்தான். அதனால ஒரிஜினல் கலரோட இடது வலது பக்கத்துல பக்கத்துல வெச்ச இன்னொரு கொப்பியும் கட்டாயம் எக்ஸ்போட் பண்ணுங்க, ஹெட்செட்டுல பாக்குறவங்களுக்கு முழுக் கலரும் அதுல கெடைக்கும்.

காட்டுறது

தியேட்டர்ல தர்ற போலரைஸ்ட் கண்ணாடிய வாங்கிட்டு வந்து வீட்டுல போட்டா ஒண்ணும் தெரியாது, அதுக்கு வெள்ளிப் பூச்சு பூசுன திரை வேணும், வெள்ளை வேட்டி அந்த ஒளிய கலைச்சுரும். எங்களுக்கு செவப்பு நீலம்தான் சரி. வெசாக் மாசத்துல கூடு கட்டுறதுக்கு ஹட்டன் கடையெல்லாம் கலர் செலோஃபேன் தொங்கும், செவப்பு ஒண்ணு, பச்சையும் நீலமும் கலந்த கலர்ல ஒண்ணு, அது கெடைக்காட்டி நீலம். வெளிச்சம் கசிஞ்சா ரெண்டு மடிப்பு போடுங்க. அட்டையில வெட்டி ஒட்டினா நாப்பது கண்ணாடி ஒரு சாயங்காலத்துல முடியும். செவப்பு இடது கண்ணுக்கு, எல்லாக் கண்ணாடியிலயும் பேனையால எழுதிருங்க. ஹோல இருட்டாக்குங்க, வெளிச்சம் கம்மியா இருக்கிற புரொஜெக்டருக்கு இது ரொம்ப முக்கியம். பத்து நிமிசத்துக்கு மேல ஓட்டாதீங்க. சில பேருக்கு பிறப்புலயே ரெண்டு கண்ணும் சேந்து ஆழம் பாக்காது, ஒரு கண்ணுல பார்வை கொறைஞ்ச பெரியவங்களும் இருப்பாங்க, அவங்களுக்கு சாதா வீடியோவ தனியா ஓட்டிக் காட்டுங்க, ஒதுக்கி வெச்ச மாதிரி ஆகக் கூடாது.

இனிமே இது எங்க போகும்

தியேட்டர் த்ரீடி வந்து வந்து போனது. 1952ல இருந்து 54 வரைக்கும் ஹொலிவூட்ல ஒரு அலை அடிச்சுது, ரெண்டு புரொஜெக்டர ஒண்ணாச் சேத்து ஓட்டணும், ஒண்ணு ஒரு ஃப்ரேம் பிந்துனாலே சனத்துக்கு தலைவலி, அது ஒரு பெரிய காரணமா அலை அடங்கிருச்சு. மேல நான் சொன்ன அரை ஃப்ரேம் கதைதான் அங்கயும். 1984ல கேரளாவுல மை டியர் குட்டிச்சாத்தான் வந்திச்சு, இந்தியாவோட மொத த்ரீடி படம். 2009 டிசம்பர்ல அவதார் வந்ததும் உலகம் பூரா த்ரீடி மயம், ஆனா அதப் பாத்து சாதாவா எடுத்த படத்தயெல்லாம் அவசர அவசரமா த்ரீடியா மாத்தி டிக்கெட் வெலைய கூட்டுனாங்க, கண்ணாடியால வெளிச்சமும் பாதிக்கு மேல கொறைஞ்சுது, சனத்துக்கு வெறுத்துப் போச்சு. 2017க்குள்ள பெரிய டிவி கம்பெனிகள் எல்லாமே த்ரீடி டிவிய நிப்பாட்டிட்டாங்க. தியேட்டர்ல வருசத்துக்கு சில பெரிய படங்களோட அது இருக்கும், அதுக்கு மேல வளரும்னு நான் நம்பல.

வளர்றது வேற எடத்துல. ஹெட்செட்டுல வெளிச்சக் கொறைவு இல்ல, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் திரை. 2023 கடைசியில இருந்து ஃபோன்லயே ஸ்பேஷியல் வீடியோ, 2024ல ஆப்பிளோட விஷன் ப்ரோ ஹெட்செட், கண்ணாடியே இல்லாம ஆழம் காட்டுற மொனிட்டரும் கடைக்கு வந்துருச்சு. வெலை இப்ப எங்களுக்கு எட்டாது, ஃபோனும் ஒரு காலத்துல எட்டாமத்தான் இருந்திச்சு.

ஏஐ வந்துருச்சே, ஒத்த ஃபோட்டோவுல இருந்தே ஆழத்த உண்டாக்குமே, எதுக்கு ரெண்டு ஃபோனுன்னு என்கிட்ட கேக்குறாங்க. உண்மைதான், நல்லாவே செய்யுது, ஆனா அது ஊகம். கதவுக்குப் பின்னாடி எவ்வளவு எடம் இருக்குன்னு அது வேற ஆயிரம் கதவ பாத்த பழக்கத்துல சொல்லுது, நம்ம காம்பராவ அளந்து சொல்லல. ரெண்டு லென்சுல எடுத்தது சாட்சி, அதுல இருந்து பின்னாடி அளக்கக் கூட முடியும்.

பிரான்ஸ்ல ஷோவேன்னு ஒரு குகை, 1994ல கண்டுபுடிச்சது, ஆதிமனுசன் வரைஞ்ச படங்க, பொதுசனத்த உள்ள விட மாட்டாங்க. வெர்னர் ஹெர்ட்சோக் அத 2010ல த்ரீடியில எடுத்தாரு, ஏன்னா அந்த ஓவியங்க பாறையோட புடைப்பயும் குழியயும் சேத்து வரைஞ்சது, தட்டையா எடுத்தா பாதி ஓவியம் போயிரும். நான் இதப் படிச்சப்ப எங்க லயம்தான் ஞாபகம் வந்திச்சு. பழைய லயங்கள் ஒண்ணொண்ணா இடிபடுது, இடிபடத்தான் வேணும், நல்ல வீடு வந்தே ஆகணும், எங்க சனம் அந்த பத்துக்குப் பன்னெண்டு அடியில தலைமுறை தலைமுறையா நெருங்கிக் கெடந்தது போதும். ஆனா அந்த நெருக்கம் எவ்வளவுன்னு அடுத்த புள்ளைங்களுக்கு யாரு காட்டுறது? சாதா ஃபோட்டோல வைட் லென்சு காம்பராவ பெருசாக் காட்டும், அது பொய். த்ரீடியில எடுத்த காம்பராவுக்குள்ள சொவரு இங்க, கூரை இங்க, ஏழு பேரு படுக்கிற பாய் இங்கன்னு ஒடம்புக்கே தெரியும்.

எங்க அப்பாயிக்கு லெப்டொப்ல கண்ணாடி போட்டு அந்த மலைய காட்டினேன். அவங்க முப்பது வருசத்துக்கு மேல ஏறின மலை, இப்ப முழங்கால் முடியாம வாசலோட சரி. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் கைய நீட்டி திரைக்கு கீழ தொட்டு "இந்தக் கல்லுல கால வெக்காத, ஆடும்"னாங்க. நான் அந்தக் கல்ல கவனிக்கவே இல்ல, மறுநாள் போயி மிதிச்சுப் பாத்தேன், ஆடுச்சு.

ஃபைல பத்திரப்படுத்துறதுல கவனமா இருங்க. எடிட் பண்ணுனது மட்டும் போதாது, ரெண்டு ஃபோன்ல இருந்தும் வந்த அசல் வீடியோவ அப்பிடியே ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வேற வேற வீட்டுல வைங்க. பேரு வைக்கும்போது தேதி, எடம், லென்சுக்கு நடுவுல எத்தன சென்டிமீட்டர், கடைசியில இடது இல்லாட்டி வலது. கடைசியில உள்ளது ரொம்ப முக்கியம், ரெண்டும் மாறிப்போனா மலை பள்ளமாத் தெரியும், முன்னாடி நிக்கிற ஆளு மலைக்குள்ள குழி மாதிரி போயிருவாரு. அதுக்காக நாங்க ஒவ்வொரு ஷொட்டுலயும் கை தட்டுறதுக்கு முன்னாடி இடது ஃபோன் லென்ச மட்டும் ஒரு செகண்டு வெரலால மூடித் தெறக்குறோம், எந்த ஃபைல்ல இருட்டு வருதோ அதுதான் இடது. மாசியில காமன் கூத்துக்கும் அதே மாதிரித்தான் செய்யப் போறோம்.